ஒட்சிசன் குறைந்தால் புற்றுநோய் வருமா? வந்த புற்றுநோய் ஒட்சிசனால் கரையுமா?

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். களுவாஞ்சிகுடியில் இருக்கும் உங்கள் அப்பாவுக்குக் கன்னத்தின் உட்பக்கத்தில் புற்றுநோய். அடுத்த கிழமை ரேடியேஷன் தொடங்குகிறார்கள். பயொப்சி ரிப்போட்டில் ‘நெக்ரோசிஸ்’ என்று ஒரு சொல் இருக்கிறது. டொக்டர் சிகரட்டை இன்றைக்கே விடச் சொல்லியிருக்கிறார். ஹீமோகுளோபின், அதாவது இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் புரதம், குறைவு என்றும் சொல்லியிருக்கிறார். இதற்கிடையில் மச்சான் முறையான ஒருவர் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருக்கிறார்: “ஒட்சிசன் குறைந்த இடத்தில்தான் புற்றுநோய் வரும், அதைக் கண்டுபிடித்தவருக்கு 1931 இலேயே நோபல் பரிசு கொடுத்துவிட்டார்கள், ஒட்சிசன் ஏற்றினால் கட்டி கரைந்துவிடும்.” கூடவே வீட்டில் வைத்து ஒட்சிசன் கொடுக்கும் ஒரு மிஷினின் விலையும் வந்திருக்கிறது. இதெல்லாம் ஒன்றோடொன்று தொடர்பா, மிஷின் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தொடர்பு இருக்கிறது. மிஷின் வாங்க வேண்டாம். ஒட்சிசன் குறைவு பெரும்பாலும் புற்றுநோயைத் தொடக்கி வைப்பதில்லை. தொடங்கிய புற்றுநோயை முரடாக்குகிறது, பரவப் பழக்குகிறது, மருந்துக்கும் கதிருக்கும் அடங்காமல் செய்கிறது. டொக்டர் சிகரட்டைப் பற்றி ஏன் அவ்வளவு கண்டிப்பாகச் சொன்னார் என்பதற்கும் விடை இதற்குள்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

நான் வேலை செய்வது நோயியல் ஆய்வுகூடத்தில். கன்னத்தில் இருந்து எடுத்த துண்டை மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக அறுத்து, நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இப்படித் தெரியும்: புற்றுக்கலங்கள் தீவு தீவாக இருக்கும். தீவைச் சுற்றியிருக்கும் நாரிழையத்தில் சின்னச் சின்ன இரத்தக் குழாய்கள். தீவின் கரையில் கலங்கள் நெருக்கமாக, கடும் நீலக் கருக்களோடு, சில இரண்டாகப் பிரிந்துகொண்டே இருக்கும். உள்ளே போகப் போக நீலம் வெளிறும். பெரிய தீவுகளின் நடுவில் கருவே இல்லாமல் இளஞ்சிவப்புத் தூள் மாதிரி ஒன்று கிடக்கும். அதுதான் ரிப்போட்டில் எழுதியிருக்கும் நெக்ரோசிஸ். ஒட்சிசனும் உணவும் எட்டாமல் செத்துப்போன பகுதி.

1955 இல் இங்கிலாந்தில் தொம்லின்சன், கிரே என்ற இருவர் நுரையீரல் புற்றுநோய்ச் சீவல்களில் இதையே அளந்து பார்த்தார்கள். இரத்தக் குழாய் இருக்கும் கரையில் இருந்து உள்ளே சுமார் 180 மைக்ரோமீற்றர் வரைதான் உயிருள்ள கலங்கள் இருந்தன. அதற்கு அப்பால் எல்லாம் சாவு. ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத தூரம் அது. ஒட்சிசன் குழாயில் இருந்து கசிந்து போகும் வழியெங்கும் கலங்கள் அதைக் குடித்துக்கொண்டே இருப்பதால் அதற்கு மேல் எட்டுவதில்லை.

நம்முடைய பக்கத்தில் இதை விளங்கப்படுத்துவது சுலபம். வாய்க்கால் தலைமாட்டில் இருக்கும் வரவைக்கு, அதாவது வயல் துண்டுக்கு, தண்ணீர் தாராளம். கடைசி வரவை வெடித்துக் கிடக்கும். குளம் நிரம்பி வழிந்தாலும், இடையில் வாய்க்கால் உடைந்தும் தூர்ந்தும் கிடந்தால் கடைசி வரவைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. கட்டிக்குள் இருக்கும் இரத்தக் குழாய்கள் அப்படிப்பட்டவை. அவசரத்தில் முளைத்தவை, வளைந்து, கசிந்து, சில இடங்களில் மூடியும் போய்விடும். சில குழாய்கள் சில நிமிடங்கள் திறந்திருந்து, பிறகு அடைபட்டு, மறுபடி திறக்கும்.

கரைக்கும் அந்தத் தூளுக்கும் இடையில் ஒரு மெல்லிய வரிசை இருக்கிறது. அங்கே கலங்கள் சாகவில்லை. ஆனால் மூச்சுத் திணறுகின்றன. நம்மைப் படுத்தும் கலங்கள் அவைதான்.

ஒட்சிசன் குறைவதை ஒரு கலம் எப்படி உணருகிறது என்பதைக் கண்டறிந்ததற்காகத்தான் 2019 இல் மருத்துவ நோபல் பரிசு வில்லியம் கெய்லின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் கிடைத்தது. குரல் பதிவு 1931 ஐச் சொல்கிறது. சொல்ல வேண்டிய வருடம் இதுதான். எல்லாக் கலங்களிலும் ஹிஃப் என்ற புரதம் ஓயாமல் உருவாகிக்கொண்டே இருக்கிறது. ஒட்சிசன் போதுமான அளவு இருக்கும்போது ஒரு நொதியம் அந்த ஒட்சிசனையே எடுத்து ஹிஃப் மேல் ஒரு அடையாளம் குத்திவிடும். அந்த அடையாளத்தைக் கண்டதும் விஎச்எல் என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து அழிக்கக் கொடுத்துவிடும். சில நிமிடங்களில் ஹிஃப் காலி. ஒட்சிசன் குறைந்தால் அடையாளம் குத்த ஆளில்லை. ஹிஃப் தேங்கி, கலத்தின் கருவுக்குள் போய், நூற்றுக்கணக்கான பரம்பரை அலகுகளை (ஜீன்களை) தட்டி எழுப்பும்.

இது கெட்ட காரியமல்ல. செமென்சா இதைக் கண்டுபிடித்தது புற்றுநோயில்கூட இல்லை. இரத்தம் குறையும்போது எரித்ரோபொயட்டின் என்ற ஹோர்மோன் எப்படிக் கூடுகிறது என்று தேடிய இடத்தில். வயிற்றில் பிள்ளை வளர்வதற்கும், காயம் ஆறுவதற்கும், மலை ஏறுகிறவரின் இரத்தம் தடிப்பதற்கும் ஹிஃப் வேண்டும். புற்றுநோய் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. உடம்பு ஆபத்துக்கென்று வைத்திருந்த சாமானை எடுத்துத் தன் பாட்டுக்குப் பாவிக்கிறது.

எப்படி என்றால், ஹிஃப் முதலில் புதிய இரத்தக் குழாய்களைக் கூப்பிடும் புரதத்தை வெளியேற்றச் செய்கிறது. பிறகு குளுக்கோசை அள்ளி உள்ளே இழுக்கும் வாசல்களைக் கூட்டி, ஒட்சிசன் இல்லாமல் அதை நொதிக்க வைக்கிறது. அதனால் வரும் அமிலத்தை வெளியே தள்ளுகிறது. வெளியே புளித்துப்போன அந்தச் சூழலில் நம்முடைய எதிர்ப்புக் கலங்கள் சோர்ந்துபோகின்றன. இருக்கிற இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்த கலத்துக்குப் பிடியை விட்டு நகரும் குணம் வருகிறது. கழுத்து நெறியில் (நிணநீர்க் கணுவில்) கட்டி தெரிவதற்கு முன்பே இந்த வேலை நடந்திருக்கும்.

இதிலும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. 1996 இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது இது. ஒட்சிசன் குறைந்த இடத்தில் சேதப்பட்ட கலங்கள் தாமாகவே செத்துப்போக வேண்டும். அந்தக் கட்டளையைக் கொடுப்பது பி53 என்ற புரதம். பி53 பழுதான கலங்கள் மட்டும் சாகாமல் மிஞ்சுகின்றன. மற்றவை அழிய, இவை பெருகுகின்றன. அதாவது மூச்சுத் திணறல் நல்லதைக் கழித்துக் கெட்டதைப் பொறுக்கி எடுக்கிறது. அதோடு டிஎன்ஏயைப் பழுதுபார்க்கும் புரதங்களும் ஒட்சிசன் குறைவில் இறங்கிவிடும். பழுது கூடும், அதைத் தாங்கும் கலங்களும் கூடும். ஒரே கட்டி ஆறு மாதத்துக்குப் பிறகு வேறு குணத்தோடு நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

சரி, 1931 க்கு வருவோம். ஓட்டோ வார்பேர்க் பெரிய விஞ்ஞானி, அதில் சந்தேகமில்லை. புற்றுக்கலங்கள் ஒட்சிசன் இருக்கும்போதும் குளுக்கோசை நொதிக்க வைக்கின்றன என்று 1920களில் கண்டவர் அவர்தான். ஆனால் அவருக்கு நோபல் கிடைத்தது கலங்கள் சுவாசிக்க உதவும் நொதியத்தைப் பற்றிய ஆய்வுக்கு. புற்றுநோய்க்குக் காரணம் கண்டுபிடித்ததற்காக அல்ல. சுவாசம் பழுதானதால்தான் புற்றுநோய் வருகிறது என்று அவர் கடைசி வரை நம்பினார். அந்த இடத்தில் பிற்கால ஆய்வுகள் அவரோடு ஒத்துப்போகவில்லை. பெரும்பாலான புற்றுக்கலங்களில் இழைமணிகள், அதாவது கலத்துக்குள் சுவாசம் நடக்கும் பகுதிகள், நன்றாகவே வேலை செய்கின்றன. தொடக்கம் பரம்பரை அலகுகளில் ஏற்படும் மாற்றத்தில் இருக்கிறது. பெட் ஸ்கானில் கட்டி பளிச்சென்று தெரிவது மட்டும் வார்பேர்க் கண்ட உண்மையால்தான்: குளுக்கோசு மாதிரியான ஒரு பொருளை ஏற்றினால் அதை அதிகம் அள்ளும் இடம் ஒளிரும்.

ஒட்சிசன் குறைவே புற்றுநோயைத் தருமென்றால் ஒட்சிசன் குறைந்த உயரத்தில், தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலையில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களுக்கெல்லாம் புற்றுநோய் வந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. கழுத்தில் இரத்தத்தின் ஒட்சிசனை உணரும் ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. அதில் வரும் கட்டி மட்டும் உயரமான இடங்களில் கூடுதலாகக் காணப்படுகிறது. ஓயாமல் வேலை வாங்கியதால் அந்த உறுப்பு பெருத்துவிடுகிறது.

இன்னொரு விலக்கு பரம்பரையாக வரும் விஎச்எல் நோய். ஹிஃப்பைப் பிடித்து அழிக்கும் அந்தப் புரதம் இவர்களுக்குப் பழுது. இரத்தத்தில் ஒட்சிசன் நிறைய இருந்தாலும் கலம் தனக்கு மூச்சு இல்லை என்றே நடந்துகொள்ளும். சிறுநீரகத்தில் புற்றுநோய், மூளையிலும் கண்ணிலும் இரத்தக் குழாய்க் கட்டிகள் வரும். பரம்பரை இல்லாமல் வரும் சிறுநீரகப் புற்றுநோயிலும் மிகப் பெரும்பான்மையான வகையில் இதே புரதம் பழுதாகியிருக்கிறது. இந்தப் பாதையை நேராகத் தடுக்கும் பெல்சுட்டிஃபான் என்ற மருந்துக்கு 2021 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உங்கள் அப்பாவின் நோய்க்கு அது உரியதல்ல. இந்த அறிவு ஆய்வுகூடத்தோடு நின்றுவிடவில்லை என்பதற்காகச் சொன்னேன்.

இனி நம்முடைய ஊர் விஷயம். இதைச் சொல்லத்தான் நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கலியாணமோ சாவீடோ கோயில் சடங்கோ, வந்தவர் முன்னால் வெற்றிலை வட்டா வராமல் இராது. சூடு மிதிக்கிற நேரம், தோணியில் போகிற நேரம், வாய்க்குள் ஒரு குதப்பல் இல்லாமல் வேலை ஓடாது என்பவர்கள் இருக்கிறார்கள். இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் நிற்பதற்குப் புகையிலையும் பாக்கும்தான் பெரிய காரணம். புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தானே என்று சொல்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் பாக்கையும் தனியாகவே புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்துவிட்டது.

பாக்கு வாயில் செய்வதைக் கண்ணால் பார்க்கலாம். கன்னத்தின் உட்புறம் இளஞ்சிவப்பாக, நனைந்த பட்டுப்போல இருக்க வேண்டும். வருடக்கணக்காகப் பாக்குச் சப்பியவரின் கன்னத்தைத் திறந்து பார்த்தால் வெளிறிப்போய், பளிங்கு மாதிரி இருக்கும். விரலால் தடவினால் கயிறு போலக் கட்டிகட்டியாகத் தட்டுப்படும். உறைப்புக் கறி பட்டால் எரியும். வாய் வரவரச் சுருங்கி, மூன்று விரலை நெடுக்காக வைக்க முடியாமல் போகும். பாக்கில் இருக்கும் அரெக்கொலின் என்ற பொருள் நாரை உண்டாக்கும் கலங்களைத் தூண்டுகிறது; பாக்கில் கூடுதலாக இருக்கும் செம்பு, அந்த நாரை இறுக்கிப் பின்னும் நொதியத்துக்குத் துணைபோகிறது. நார் தடிக்கத் தடிக்க நடுவில் ஓடும் நுண்குழாய்கள் நசுங்கும். மேலே இருக்கும் தோல் போன்ற படைக்கு இரத்தம் குறையும். வெளிறித் தெரிவது அதனால்தான்.

அதாவது இங்கே கட்டி வருவதற்கு முன்பே இழையம் மூச்சுத் திணறத் தொடங்குகிறது. பேராதனைப் பல் மருத்துவ பீட ஆய்வாளர்கள் லண்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2008 இல் இதைத் தேடிப் பார்த்தார்கள். இப்படி நார் கட்டிய வாய்களில் ஹிஃப் கூடியிருந்தது. கலங்கள் புற்றுநோயை நோக்கிக் கோணத் தொடங்கிய இடங்களில் அது மேலும் தெளிவாகத் தெரிந்தது. கேரளத்தில் 17 வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில் நார் கட்டிய வாய் உள்ளவர்களில் 7.6 வீதமானோருக்குப் புற்றுநோய் வந்தது. பாக்கும் புகையிலையும் டிஎன்ஏயைத் தாக்குகின்றன, அதே நேரம் ஒட்சிசன் இல்லாமையால் பழுதுபார்க்கும் வேலையும் படுத்துவிடுகிறது. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே வருடங்களில் நடக்கின்றன. ஒட்சிசன் குறைவு பெரும்பாலும் புற்றுநோயைத் தொடக்குவதில்லை என்று மேலே சொன்னேன். நார் கட்டிய வாயில் அது தொடக்கத்திலேயே பக்கத்தில் நின்று கைகொடுக்கிறது என்பதுதான் என் கணிப்பு.

அப்புறம், அப்பாவின் ரேடியேஷன்.

கதிர் ஒரு கலத்தைக் கொல்வது டிஎன்ஏயை உடைத்து. உடைந்த இடத்தில் ஒட்சிசன் வந்து ஒட்டிக்கொண்டால் அந்த உடைவு நிரந்தரமாகிவிடும். ஒட்சிசன் இல்லாவிட்டால் கலத்துக்குள் இருக்கும் வேறு பொருட்கள் அதை உடனேயே சரிசெய்துவிடும். ஒட்சிசன் இல்லாத கலத்தைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டும். அவ்வளவைக் கொடுத்தால் பக்கத்தில் இருக்கும் நல்ல இழையம் தாங்காது. எனவேதான் கொஞ்சம் கொஞ்சமாக, கிழமையில் ஐந்து நாள், ஆறு ஏழு கிழமைக்குக் கொடுக்கிறார்கள். ஒருநாள் கொடுத்ததில் கரையில் இருக்கும் கலங்கள் செத்தால், அவை குடித்துக்கொண்டிருந்த ஒட்சிசன் உள்ளே இருப்பவற்றுக்குப் போகும். அடுத்த முறை கதிருக்கு அவை அகப்படும். இடையில் நாள் தவறினால் மிஞ்சிய புற்றுக்கலங்கள் பெருகிவிடும். தலை, கழுத்துப் புற்றுநோயில் ஒரு நாள் பிந்தினால் நோய் அடங்கும் வாய்ப்பில் சுமார் 1 வீதம் கழிகிறது என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வருகிறது, குளிர்த்தி முடிந்து போகலாம் என்று அப்பா சொல்லக்கூடும். விடாதீர்கள்.

சிகரட்டைப் பற்றி. புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு ஹீமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் கூடுதலான பிடியோடு பிடித்துக்கொள்ளும். புகைத்துவிட்டு ரேடியேஷன் அறைக்குப் போகிறவரின் இரத்தத்தில், ஒட்சிசன் சுமக்கும் வண்டிகளில் ஒரு பங்கு ஒட்சிசன் இல்லாமலேயே ஓடுகிறது. 1993 இல் கனடாவில் இருந்து வந்த ஆய்வு எனக்கு எப்போதும் ஞாபகம் வரும். ரேடியேஷன் நடக்கும்போதும் புகைத்தவர்களில் 45 வீதமானோருக்குத்தான் கட்டி முழுதாகக் கரைந்தது. புகைக்காதவர்களிலும் முன்பே விட்டவர்களிலும் 74 வீதம். இரண்டு வருடம் உயிரோடு இருந்தவர்கள் 39 வீதம், 66 வீதம். இந்த வித்தியாசத்தை ஒரு மருந்து தந்திருந்தால் அதற்கு என்ன விலை சொன்னாலும் கொடுப்போம். ஆகவே டொக்டர் சும்மா ஏசவில்லை. சுருட்டு, பீடி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

ஹீமோகுளோபின் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. குறைவாக இருப்பவர்களுக்கு ரேடியேஷன் குறைவாகவே பலிக்கிறது என்பது திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. ஆனால் இரத்தம் ஏற்றிய உடனே பலன் கூடிவிடுகிறதா என்று டென்மார்க்கில் பார்த்தபோது அப்படிக் கூடவில்லை. எரித்ரோபொயட்டின் ஊசி போட்டு இரத்தத்தைக் கூட்டிப் பார்த்த ஒரு ஆய்வில், 2003 இல், நிலைமை மோசமாகவே போனது. ஆகவே இரத்தம் கூட்டுகிறோம் என்று வெளியில் ஊசி, டொனிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். என்ன செய்ய வேண்டும் என்பதை டொக்டர் தீர்மானிக்கட்டும். ஆறு கிழமையைத் தாங்க உடம்பில் தெம்பும் வேண்டும், அதற்கும் சேர்த்துத்தான் அவர் பார்ப்பார்.

மிஷினுக்கு வருகிறேன். ஒட்சிசன் அளக்கும் கருவியை அப்பாவின் விரலில் மாட்டிப் பார்த்தால் 97, 98 வீதம் காட்டும் என்று நினைக்கிறேன். அளவில் குறைவென்றாலும், இருக்கும் ஹீமோகுளோபின் ஏற்கெனவே ஒட்சிசனால் நிறைந்துதான் ஓடுகிறது. மூக்கில் குழாய் வைத்து இன்னும் கொடுத்தால் குளத்தில்தான் கூடும், கடைசி வரவைக்குப் போகாது. அழுத்தம் கூடிய அறையில் வைத்து ரேடியேஷன் கொடுக்கும் முயற்சி 1950களிலேயே லண்டனில் தொடங்கியது. சில இடங்களில் கட்டி அடங்குவது கூடியது. பக்கவிளைவும் கூடியது, நடைமுறைக்கும் ஒத்துவரவில்லை. ஒட்சிசனுக்குப் பதிலாக நின்று உடைவை நிரந்தரமாக்கும் நிமொரசோல் என்ற மாத்திரையை டென்மார்க்கில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வழமையாகக் கொடுத்துவந்திருக்கிறார்கள். மற்ற நாடுகள் அந்த அளவுக்கு ஏற்கவில்லை. இவ்வளவு படித்தவர்கள் இவ்வளவு காலம் முயன்றும் பாதிதான் வழிக்கு வந்த ஒன்றை வீட்டு விறாந்தையில் வைக்கும் மிஷின் செய்துவிடாது. அதுவும் ரேடியேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டு மிஷினில் உட்காருங்கள் என்று யாராவது சொன்னால் அவர்களை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். காரத் தண்ணீர் (அல்கலைன் வாட்டர்) குடித்தால் அமிலம் போகும் என்பதும் இதே ரகம். இரத்தத்தின் பிஎச், அதாவது அமில கார அளவு, 7.35 க்கும் 7.45 க்கும் இடையில் நிற்கும்படி நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்ளும்.

அந்தக் காசில் தினமும் கிளினிக்குக்குப் போய்வரும் வான் கூலி, முட்டை, பால், மீன் ஆணம் இவற்றைப் பாருங்கள். வாய் புண்ணாகும், உறைப்பில்லாமல், மசித்துக் கொடுங்கள். ரேடியேஷன் தொடங்கும் முன் ஒருமுறை பல் டொக்டரிடம் காட்டச் சொன்னார்களா என்று கேளுங்கள். கதிர் பட்ட தாடை எலும்பில் இரத்த ஓட்டம் பிறகு குறைந்துவிடும், அதற்குப் பிறகு பல் பிடுங்கினால் காயம் ஆறாமல் எலும்பே அழுகலாம். ஆடும் பல், சொத்தைப் பல் இருந்தால் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்.

அம்மாவும் வெற்றிலை போடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவோடு போகும் அன்றே அவருடைய வாயையும் காட்டுங்கள். அதற்கு முன் வீட்டில் மூன்று விரலை நெடுக்காக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாய்க்குள் போகவில்லை என்றால், வெளிறிய தழும்போ ஆறாத புண்ணோ இருந்தால், அதை டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.